கவனக்குறைவு என்று எழுதிய தாள்

ஆறு பேர் போக வேண்டிய தீயணைப்பு வண்டியில் அன்று நாலு பேர்தான் போனோம். ஆள் போதாமல் டிரைவர் அண்ணனும் புகைக்குள் நுழைந்தார். கை வெந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

மறுநாள் பணியாளர் பிரிவு அதிகாரி என்னிடம் ஒரு தாளை நீட்டினார்.

"அவரோட கவனக்குறைவுன்னு எழுதியிருக்கு. கையெழுத்துப் போடும்மா."

"ஆள் குறைவுன்னு எழுதுங்க சார், போடறேன்."

"வேற ஊருக்குத் தூக்கி அடிச்சிடுவேன்."

"அடிங்க. அங்கேயும் இதையேதான் சொல்வேன்."

தாளைத் திருப்பி, நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்திட்டேன். வாசலில் நின்ற மற்ற இருவரும் உள்ளே வந்து, யாரும் கேட்காமலே கையெழுத்துப் போட்டார்கள்.

எனக்கு மாற்றல் அந்த வாரமே வந்தது. அண்ணன்மேல் நடவடிக்கை எடுக்க அவர்களால் முடியவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு தலை நிமிர்ந்தே பஸ் ஏறினேன்.