நாலு டிகிரி

இரண்டாவது முறையும் ஜெனரேட்டர் இருமிவிட்டு நின்றது. எலக்ட்ரீசியன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தான்.

"அக்கா, இது ரெண்டையும் இழுக்காது. ஒண்ணு இந்த ஐஸ் பெட்டி, இல்ல சமையக்கட்டுல இருக்கிற பெரிய ஃபிரிட்ஜ். எதுன்னு சொல்லுங்க."

கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் அவள் கணவர் படுத்திருந்தார். விடியும் நேரத்தில் போன உயிர். புயலில் தெரு முழுக்க மின்சாரம் இல்லை. பெட்டியோடு ஜெனரேட்டரையும் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். மகன் கப்பலிலிருந்து கரை சேரச் சாயங்காலம் ஆகிவிடும். அதுவரை உடல் தாங்க வேண்டும்.

"இதெல்லாம் ஒரு கேள்வியா?" என்றார் கொழுந்தன். "ஃபிரிட்ஜைப் புடுங்கிப் போடுப்பா. உள்ள வெறும் சேறு."

சேறுதான். ஆழ்கடலின் தரையிலிருந்து எடுத்து, குழாய்களில் அடைத்து, முத்திரை வைத்த சேறு. அவர் வேலை பார்த்த கடல் ஆய்வகத்தில் இடமில்லை, தூக்கிப் போடுங்கள் என்றதும் மனிதர் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். 'ஊர்ல சக்களத்தியத் தனி வீட்டுல வைப்பாங்க, இவரு என் சமையக்கட்டுலயே வெச்சிருக்காரு' என்று வருகிறவர்களிடமெல்லாம் அவள் சொல்லுவாள். பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்த மகனுக்கு அதில் ஐஸ்கிரீம் வைக்க ஆசை. அது நடக்கவில்லை, பதிலுக்கு ஒரு வேலை கிடைத்தது. வீட்டுக்கு வந்ததும் பையைக்கூட இறக்காமல் ஃபிரிட்ஜ் கதவில் எரியும் டிகிரி எண்ணைப் பார்த்து, "நாலுப்பா!" என்று கத்த வேண்டும்.

அந்த மகனுக்குத்தான் இப்போது கடலடியில் உலோகம் அள்ளும் கம்பெனியில் வேலை. "பேட்டரிக்கு உலோகம் வேணும்ல? மலையை வெட்டினா ஊரு போகுது. அங்க அடியில யாருப்பா இருக்கா?" என்று கேட்டான். "இருக்கு. உனக்குத்தான் தெரியல" என்றார் இவர். அதோடு பேச்சு நின்றது. அப்புறம் சாப்பிட்டாரான்னு கேளு, சாப்பிட்டானான்னு கேளு என்று எல்லாம் அவள் வழியாகத்தான்.

சோதனைக்காகக் கடலடியில் வாரிய இடம் பழையபடி ஆகிவிட்டது, அங்கே ஒரு உயிரும் குறையவில்லை என்கிறது கம்பெனி. வாருவதற்கு முன்னால் அங்கே என்னென்ன இருந்தன என்பதற்கு இந்தக் குழாய்களை விட்டால் வேறு சாட்சி இல்லை. நாளை காலை அவருடைய சகா குளிர்வண்டியோடு வந்து, விசாரணைக் குழுவின் முன் திறக்க எடுத்துப் போகிறார். அதற்குள் சூடேறினால் உள்ளே இருப்பதெல்லாம் அழுகிவிடும்.

கொழுந்தன் குரலைத் தாழ்த்தினார். "அண்ணி, இது போய்ச் சேர்ந்தா பையன் வேலைக்கு உலை. புயல் அடிச்சுது, கெட்டுப்போச்சு. உங்களை யாரு கேக்கப் போறா?"

யாரும் கேட்கப் போவதில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. ஃபிரிட்ஜின் கதவில் கை வைத்துப் பார்த்தாள். குளிர்ச்சி விட்டுக்கொண்டிருந்தது. இப்படி என் தலையில் கட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாரே என்று அவர்மேல் ஆத்திரம் பொங்கியது.

"தம்பி, இந்த ஐஸ் பெட்டியில எவ்வளவு குளிர் வைக்கலாம்?"

"நீங்க சொல்ற அளவு வைக்கலாம்க்கா."

"நாலுல வை."

குழாய்களை அணைத்துக்கொண்டு வந்தவளைக் கொழுந்தன் மறித்தார். "அண்ணி, அண்ணன் பக்கத்துல இதையா வைக்கப் போறீங்க? பாக்குறவங்க காறித் துப்புவாங்க!"

"துப்பட்டும். தூக்கத்துலகூட இதைத்தான் பேசினாரு உங்க அண்ணன். நகருங்க."

விலாவை ஒட்டியும் கால்களுக்கு நடுவிலும் ஒவ்வொன்றாக அடுக்கினாள். இடம் போதாமல் தலையணையை உருவினாள். அப்போதுதான் அழுகை வந்தது.

வாசலில் ஆள் அரவம் கேட்கும் ஒவ்வொரு முறையும் அவள் எழுந்து பெட்டியருகே வந்து நின்றாள். மகன் வந்து எல்லாவற்றையும் பொறுக்கி வெளியே எறிந்தால் தடுக்க அவளிடம் தெம்பு இல்லை.

வெயில் தாழ்ந்தபோது வந்தான், கம்பெனிச் சட்டையோடு. பெட்டியருகே வந்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

"நான் தலைதலையா அடிச்சுக்கிட்டேன்டா," என்றார் கொழுந்தன். "உங்கம்மா கேட்டாத்தானே?"

அவன் மூடியைத் தூக்கினான். அப்பாவின் கன்னத்தைத் தொட்டான். பிறகு அவன் கை குழாய் ஒன்றை எடுத்தது. மேலே எழுதியிருந்ததைப் படித்தான்.

"நாங்க வாரின எடம்," என்றான்.

அவள் சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவன் குழாயைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வெளியே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"உன் தாய்மாமா இப்பத்தான் வந்திருக்காரு, மூடி தொறந்தே இருக்கட்டும். முகத்தை நல்லாப் பாக்கட்டும்," என்றார் கொழுந்தன்.

"வேணாம் சித்தப்பா. குளிர் போயிடும்."

குழாயை அப்பாவின் கைக்குப் பக்கத்தில் இருந்த இடத்திலேயே வைத்தான். மூடியை இறக்கினான். தோளில் இருந்த பையைக்கூட இறக்காமல், கால்மாட்டில் குந்தி, பெட்டியில் எரிந்துகொண்டிருந்த டிகிரி எண்ணைப் பார்த்தான்.

"நாலுப்பா," என்றான்.