கழுவாத வேர்

படிப்பைப் பாதியில் விட்டவனுக்குக் கிடைத்த வேலை இது. ஆய்வுக்கூடத்தில் இரவுப் பணி. இலைகளைக் கழுவி, உலர்த்தி, பொடித்து, நஞ்சை அளக்கும் இயந்திரத்தில் ஏற்றுவேன். பழைய முலாம் பட்டறை நின்ற நிலம் ஒன்றில் கேட்மியம் என்ற நச்சு உலோகம் ஊறிக் கிடந்தது. அதை எடுக்கக் கடுகு விதைத்தார்கள். கடுகு நஞ்சை வேரால் இழுத்து, இலைக்குள் கண்ணுக்குத் தெரியாத பைகளில் பூட்டி வைத்துக்கொள்ளும். வாடாது. இலையில் நஞ்சு குறையும்வரை அறுத்து அறுத்து விதைக்க வேண்டும்.

நான்காவது அறுவடையில் குறைந்தது. நிலம் சுத்தம் என்ற அறிக்கையில் கையெழுத்துப் போட்டேன். வீடுகள் எழுந்தன. நிலத்தின் மேற்பார்வையாளர் என் அக்கா கணவர். மாதிரிச் செடிகளைக் கொண்டுவந்து தருபவரும் அவர்தான். அவருக்கும் அங்கே ஒரு வீடு ஒதுக்கினார்கள்.

போன வாரம் போயிருந்தேன். கொல்லையில் தானாக முளைத்த கடுகு இடுப்புயரம் நின்றது. அதனடியில் அக்காவின் பாப்பா மண்ணைத் தின்றுகொண்டிருந்தாள். வாயில் விரலை விட்டு எடுத்துப் போட்டேன். கிளம்பும்போது ஒரு கிளையை ஒடித்துப் பையில் வைத்தேன். தொழில் புத்தி.

அன்றிரவு இயந்திரத்தில் ஏற்றினேன். நஞ்சு முதல் அறுவடையில் இருந்த அதே அளவு. இரண்டு முறை ஓட்டிப் பார்த்தேன்.

ஒவ்வொரு மாதிரியின் வேரையும் கழுவாமல் கவரில் போட்டு வைப்பது எங்கள் வழக்கம். நான்காவது அறுவடைக் கவரைப் பிரித்தேன். அந்த நிலத்து மண் கன்னங்கரேல் என்றிருக்கும். இந்த வேர்களில் ஒட்டியிருந்தது தேங்காய் நார்த்தூள். நாற்றுப்பண்ணைச் செடிகள். வெட்டிக் கவரில் போட்டவன் நான்தான். மாமா கொண்டுவந்தது என்பதால் பார்க்கவில்லை.

மேலதிகாரியிடம் போகவில்லை. முதலில் அக்காவையும் பாப்பாவையும் வெளியே கொண்டுவர வேண்டும். வேலை முடிந்ததும் நேரே அங்கே போனேன்.

மாமா சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். "என்ன மாப்ளே, காலங்காத்தால கவரோட? கல்யாணப் பத்திரிகையா? பொண்ணு யாரு?"

"வேர். நாலாவது அறுவடை."

கடைசிப் பொத்தானையும் போட்டு முடித்தார். "அறிக்கையில கையெழுத்து யாருது?"

"என்னுது."

"அப்புறம் என்ன? உன் தலையில நீயே மண்ண வாரிப் போட்டுக்காத." செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அக்கா அடுப்படியிலிருந்து வந்தாள்.

"பாப்பாவைத் தூக்கிக்கோ, கிளம்பு. மாமா நம்மள ஏமாத்திட்டாரு."

அவள் கவருக்குள் எட்டிப் பார்த்தாள். "இதுக்கா இந்த ஆட்டம் ஆடுற? அந்த நாத்துப் பையெல்லாம் நான்தான்டா உக்காந்து கிழிச்சேன். நகமே பிஞ்சு போச்சு."

"உனக்குத் தெரியுமா?"

"எத்தனை வீடுதான் மாறுறது? செடியப் பாரு, தளதளன்னு நிக்குது. கெட்ட மண்ணா இருந்தா கருகியிருக்காதா?"

"இது கருகாதுக்கா. அதனாலதான் இதையே விதைச்சோம்."

அவள் கொல்லைப் பக்கம் பார்த்தாள்.

"என் கைக்கு வரும்னு தெரிஞ்சுதானே செஞ்சீங்க?"

"வேற யாரா இருந்தாலும் கேள்வி கேப்பாங்க. நீ கேக்க மாட்டேன்னு நான்தான் சொன்னேன்."

பாப்பாவைக் குழாயடிக்குத் தூக்கிப்போய்க் கையைக் கழுவினேன். நகத்துக்குள் இருந்த கறுப்பு முழுதாகப் போகவில்லை. அவளை இடுப்பில் வைத்துக்கொண்டே மேலதிகாரிக்குப் போன் செய்தேன். அக்கா வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். என் பெயரைத்தான் முதலில் சொன்னேன்.