சுனாமி இழுத்த வயிறு

மாமாங்கப் பிள்ளையார் அறிய, இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை.

யுத்தம் முடிந்த மூன்றாம் கிழமை. அருமைநாயகத்தின் பிரேதத்தைக் குளிப்பாட்ட முற்றத்து வாங்குப் பலகையில் கிடத்தியிருந்தார்கள். சொந்தக்காரர் ஒவ்வொருவராக வந்து தலைக்கு எண்ணெய் வைத்தார்கள். மூன்றாவது ஆள் போத்தலைச் சரித்தபோது, கதவுச் சீலைக்குப் பின்னால் நின்ற மகள் பிரஷாந்தி போத்தலை அடையாளம் கண்டுவிட்டாள். அது நல்லெண்ணெய் இல்லை.

அவளுக்கு எட்டு மாதம். கோடையில் வட்டை வயல் வெடித்ததைப் போல வயிறெல்லாம் சிவந்த வரிகள். கணவன் ரதீஸ் கண்டால் முகம் சுழிப்பான் என்று இரண்டு மாதமாக மறைத்து வந்தாள். ஐந்து கிழமையில் வரி அழியும் என்று ஓட்டமாவடி ஆயிஷா உம்மா தந்த சவூதி எண்ணெயை, நல்லெண்ணெய்ப் போத்தலில் ஊற்றி ஒளித்திருந்தாள். இருந்ததே ஒரு போத்தல். பாதி இப்போது அப்பாவின் வழுக்கையில் வழிந்துகொண்டிருந்தது.

பிள்ளைத்தாய்ச்சி பிரேதத்துக்கு முன்னால் வரக்கூடாது. அவள் வந்துவிட்டாள்.

“நிப்பாட்டுங்க! அது என்ட எண்ணெய்!”

பறைமேளம் நின்றது. ஒப்பாரியும் நின்றது.

“உனக்கு என்னத்துக்குகா?” என்றாள் தாய் சீதேவிப்பிள்ளை.

“வயித்தில… வரி விழுந்திருக்கு.”

மருத்துவிச்சி சுலோஜனா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். “இதுக்கா ஒளிச்ச நீ? தோல் கெதியா இழுபட்டா உள்ளுக்குப் பிரியும். இப்ப சிவப்பு, பிறகு வெளுக்கும். எண்ணெய் பூசினா கடி சொறிச்சல் குறையும் புள்ள, வரி அழியாது.”

“அப்ப அப்பாட வயித்து வரி?”

கதிரவெளியில் சுனாமி அலை அவர் காலைப் பிடிக்க, அவர் பனையைப் பிடிக்க, நடுவில் அரை முழம் நீண்டதால் வந்த வரி அது. ஊரே நம்பியிருந்தது. அன்றிலிருந்து அவருடைய இடுப்புச் சாரம் கட்டையாகிப் போனதற்கும் சாட்சிகள் உண்டு.

சீதேவிப்பிள்ளை மூக்கைச் சிந்தினாள். “அலையா இழுத்தது? முகாமில தந்த பருப்பும் பாணும் இழுத்தது. நாலு மாசத்தில வண்டி வயிறு வெச்ச மனிசன்!”

முதலில் பறையடித்தவர் சிரித்தார். பிறகு பாடை கட்டியவர்கள்.

ரதீஸ் சிரிக்கவில்லை. வெறும் மேலோடு நின்றவன், குறுக்கே வெளுத்த வரிகள் ஓடிய முதுகை அவளுக்குத் திருப்பினான். “இதை என்னண்டு நினைச்ச?”

“வலைக்கயிறு வெட்டினதெண்டு…”

“பதினாறு வயசில ஒரே மாரி மழைக்குள்ள உயந்து வளந்தன். தோலுக்கு அவகாசம் கிடைக்கல்ல. எல்லாச் செக்பொயின்டிலயும் கழட்டிக் காட்டி ஆமிக்கும் விளங்கப்படுத்தினன். நீ மட்டும்தான் கேக்கல்ல.”

பிரஷாந்தி போத்தலை வாங்கி, மிச்சத்தை அப்பாவின் வயிற்றில் ஊற்றி, ஒவ்வொரு வரியாகத் தேய்த்தாள். யாரும் தடுக்கவில்லை. வெயிலில் வயிறு மினுங்கியது.

பிள்ளையார் அறிய இன்னொரு சொல்லும் பொய் இல்லை: அருமைநாயகம் கலியாணமே கட்டாத மனிதர்.