திரையில் இல்லாத விமானம்

காப்பிக்கடையில் லோவெல் ட்வெய்ட் கைப்பேசியை நீட்டியதும் நான்கு தலைகள் மேசைமேல் குனிந்தன. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்துக் கோதுமை வயல்களுக்கு மேலே ஒரு சின்ன மஞ்சள் விமானம் திரையில் ஊர்ந்தது. ஓட்டுவது அவருடைய ஒரே மகள் சிக்னி, பயிற்சியில் இருப்பவள். எதிரே வரும் விமானங்கள் கண்டு விலக வேண்டும் என்று அவள் விமானத்தில் பொருத்திய கருவி அனுப்பும் சேதி அது. ஊரார் கைப்பேசியிலும் அது தெரிந்ததுதான் வினை.

"இறங்குறா பாரு... ஐயோ, மறுபடி எகிறிட்டா!" கூட்டாளி டுவேன் தொடையில் தட்டிச் சிரித்தான். "லோவெல், உன் பொண்ணுக்குத் தவளைன்னு பேரு வெச்சிருக்கலாம்ப்பா!"

லோவெலும் சிரித்தார். மகள் பறக்கிற பெருமையில் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தப் பேர் ஊரெல்லாம் பரவியது. பெட்ரோல் போட நின்றால்கூட, "என்ன தவளை, இன்னிக்கு எத்தனை குதி?" என்றார்கள்.

"அப்பா, இனிமே பாக்காதீங்க. யாருக்கும் காட்டாதீங்க," என்றாள் சிக்னி, தட்டிலிருந்த முட்டையைத் தொடாமல். "ஊரே உக்காந்து பாக்குதுன்னு நெனச்சாலே ஒழுங்கா இறக்க வரலப்பா."

"அட போம்மா, விளையாட்டுக்குத்தானே! இதுக்கெல்லாம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கலாமா?"

அடுத்த வியாழக்கிழமை திரையில் மஞ்சள் விமானம் இல்லை. "இன்னிக்குப் பறக்கல போல," என்று லோவெல் இன்னொரு காப்பி சொன்னார்.

அவள் பறந்துகொண்டுதான் இருந்தாள், கருவியை அணைத்துவிட்டு. வயலுக்கு மருந்து தெளித்துவிட்டு இன்னொரு விமானத்தில் திரும்பியவருக்குக் கண்ணில் வெயில்; அவர் திரையும் வானம் காலி என்றே காட்டியது. மோதியதில் அவர் கால் ஒடிந்து பிழைத்தார். சிக்னி பிழைக்கவில்லை. பாவி மனிதர் லோவெல், கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டே அந்தச் செய்தியைக் கேட்டார்.

குளிர்காலத்தில் மாநிலத் தலைநகர் ஹெலினாவின் சட்டமன்றத்துக்கு ஒரு மசோதா வந்தது. விமானங்கள் அனுப்பும் சேதியைப் பாதுகாப்புக்குத் தவிர வேறெதற்கும் பயன்படுத்தக் கூடாது என்றது அது.

"நீங்க ஆதரவா, எதிர்ப்பா?" என்று மசோதாவை விசாரித்த குழுவின் தலைவி, கருத்துச் சொல்ல வந்திருந்த லோவெலிடம் கேட்டார்.

"ஆதரவும்மா," என்றார் லோவெல். "அவளக் காப்பாத்த வெச்ச கருவிய நான் வேடிக்கைக்கு வெச்சுக்கிட்டேன். அவ வானத்துக்குப் பயப்படல, எங்களுக்குத்தான் பயந்தா. காவலுக்கு வெச்ச கண்ணால மனுஷன வேவு பாத்தா, அவன் அந்தக் கண்ணுக்கே மறைஞ்சுக்குவான். அப்புறம் அவனக் காப்பாத்த ஆளே இருக்காது."

பின்வரிசையில் டுவேன் தொப்பியைப் பிசைந்தபடி அழுதான்.

"அவ கேட்டது ஒண்ணே ஒண்ணுதாம்மா," என்றார் லோவெல். "பாக்காதீங்கப்பான்னு கேட்டா."