நகரசபை கொடுத்த வெயில்

எங்கள் நகரசபை விழாக்களுக்குப் பணம் கொடுப்பதில்லை, வெயில் கொடுக்கும். ஊரில் பனிமூட்டம் விலகுவதே இல்லை என்பதால் அதுதான் எல்லோருக்கும் வசதி. மூட்டத்துக்கு மேலே பிடித்த வெயிலைச் சந்தைக்குப் பின்னால் உள்ள கிடங்கில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். மலர்க் கண்காட்சிக்கும் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கும் அங்கிருந்துதான் போகும்.

எங்கள் தோட்ட மக்கள் உரிமைச் சங்கம் ஐம்பதாவது ஆண்டு விழாவுக்குத்தான் முதல் தடவையாக வெயில் கேட்டது. பிரஜாவுரிமைக்கும் வாக்குரிமைக்கும் போராடிய சங்கம் அது. நானும் என் மனைவி பூமயிலும் அங்கேதான் பழகினோம். சங்கச் சுவரில் நிறையப் படங்கள் மாட்டியிருக்கிறோம். மூட்டத்தில் எடுத்தவை என்பதால் எல்லாமே வெள்ளையாக இருக்கும். ஊர்வலம், உண்ணாவிரதம் என்று அடியில் எழுதியிருப்பதை வைத்துத் தெரிந்துகொள்வோம். எங்கள் கல்யாணப் படமும் அப்படித்தான். பூமயில் இளம் வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் முகம் தெரிகிற படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. விழாவில் படம் எடுக்க வெயில் கேட்போம் என்று செயலாளர் செபஸ்தியான் சொன்னபோது, முதலில் கை தூக்கியது நான்தான்.

சபைக் கூட்டத்தில் ஒரு உறுப்பினர் எழுந்து, “பொது வெயிலை ஒரு இனத்தாரின் கூட்டத்துக்கு எப்படிக் கொடுப்பது?” என்று கேட்டார்.

கிடங்குக்குப் பொறுப்பாக ரணவீர என்ற சிங்களவர் இருந்தார்; மாத்தயா என்றுதான் மரியாதையாகக் கூப்பிடுவோம். அதிகம் பேசாதவர். “கிடங்கில் இருப்பதெல்லாம் தோட்டத்து மலைகளுக்கு மேலே பிடித்தது. இவர்கள் முதுகில் விழ வேண்டிய வெயில்” என்றார். கொடுப்பதென்று முடிவானது. அவர் அதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. சொன்னார்.

விழா அன்று வெயில் லொறியில், தறப்பாள் மூடி வந்தது. ரணவீர கீழே இறங்கிப் பின்கதவைத் திறந்தார். மைதானத்தின் நடுவில், நாங்கள் எல்லோரும் சேர்ந்து நிற்கிற அளவுக்கு வெயில் விழுந்தது. புல் பச்சை நிறம் என்று அன்றுதான் பார்த்தோம்.

உடனே எல்லோரும் லொறிக்கு முன்னால் வரிசையில் நின்றோம்.

அரசாங்க லொறி எங்கே நின்றாலும் எங்கள் ஆட்கள் வரிசையில்தான் நிற்பார்கள். பெயர் பதியவும், அரிசி வாங்கவும், மனுக் கொடுக்கவும் நின்று நின்று வந்த பழக்கம். வர முடியாதவருக்காகக் குடையோ பையோ வைத்தால் அந்த ஆள் நிற்பதாகவே அர்த்தம். நாற்காலிகளைப் போட்டுவிட்டு வந்ததால் எனக்குக் கடைசி இடம். எனக்குப் பின்னால் பூமயிலின் குடையை ஊன்றி வைத்தேன்.

“வரிசை வேண்டாம். எல்லாரும் ஒண்ணா வந்து நில்லுங்க” என்றார் ரணவீர.

ஒருவரும் அசையவில்லை. வெயில் வெறும் புல்லில் விழுந்து தீர்ந்துகொண்டிருந்தது.

“கரைஞ்சு போகுதும்மா!” என்று ரணவீர புல்லைக் காட்டினார்.

“நீங்க நல்லதுக்குத்தான் சொல்றீங்க மாத்தயா” என்றார் முன்னால் நின்ற மாரியாயி அக்கா. “எடத்த விட்டுப் போனா திரும்பக் கெடைக்குமா? எங்க மாமனாரு வெத்தல வாங்கப் போயித்தான் பிரஜாவுரிமைய விட்டாரு.”

“வெத்தலயாவது கெடச்சுதா?” என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

“அதுவும் கடை பூட்டியாச்சு.”

வரிசை சிரித்தது; ஆனால் கலையவில்லை. புல்லில் வெயில் பாதியாகிவிட்டது. இன்றைக்கு விட்டால் இன்னொரு ஐம்பதாவது ஆண்டு வராது. ஆனாலும் நான் இடத்தை விடவில்லை. குடையைத் தனியாக விட்டுவிட்டு எப்படிப் போவது?

ரணவீர கோபப்படவில்லை. சாரதியிடம் ஏதோ சொல்லிவிட்டு லொறியில் ஏறி நின்றுகொண்டார். லொறி வரிசையின் ஓரமாக மெதுவாக ஊர்ந்து வந்தது. அவர் தறப்பாளைத் தூக்கி, ஒவ்வொரு முகத்திலும் கொஞ்சம் விடுவார். ஸ்டூடியோக்கார அஸ்வர் பக்கத்திலேயே நடந்து படம் எடுப்பார். வெயில் பட்டதும் சிலருக்குக் கண் கூசியது. மாரியாயி அக்கா கையேந்தி வாங்கி, தலையில் தடவிக்கொண்டார். எனக்கு முன்னால் நின்ற செபஸ்தியான், போதும் மாத்தயா, பின்னால் ஆள் இருக்கு என்று பாதியிலேயே ஒதுங்கினார்.

லொறி என்னிடம் வந்தது. ரணவீர தறப்பாளுக்குள் எட்டிப் பார்த்தார்.

“ஒரு முகத்துக்குத்தான் இருக்கு, ஐயா.”

“பின்னால நிக்கிறவங்களுக்குக் குடுங்க மாத்தயா.”

அவர் குடையைப் பார்த்தார். “பேரு?”

“பூமயில்.”

தறப்பாளை இரண்டு கையாலும் உதறி, அடியில் கிடந்ததைக் கொஞ்சமும் விடாமல் குடையின் மேல் கவிழ்த்தார். அஸ்வர் கமராவைச் சரி பார்த்துவிட்டு, “அக்கா, கொஞ்சம் நிமிருங்க” என்றார். பிறகு படம் எடுத்தார்.

நான் ரணவீரவைக் கும்பிட்டேன். அவரும் கும்பிட்டுவிட்டு வெறும் லொறியைக் கிடங்குக்குக் கொண்டுபோனார். மறுபடியும் மூட்டம் இறங்கியது. கூட்டத்தை நடத்தி முடித்தோம்.

அடுத்த வாரம் அஸ்வர் படங்களைக் கொண்டுவந்து கொடுத்தார். பூமயில் நன்றாக விழுந்திருக்கிறாள். அவள் போய்ச் சேரும்போது தலை முழுக்கக் கறுப்பு. படத்தில் என்னைப் போலவே நரைத்திருக்கிறது. மூக்குக் கண்ணாடி போட்டிருக்கிறாள். மெல்லிய பிரேம், முகத்துக்குப் பொருத்தமாக இருக்கிறது. என்னுடையது ஒரு பக்கம் கழன்று ஆடுகிறது. அந்தப் படத்தைக் கடையில் காட்டி, அதே மாதிரி ஒன்று எனக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.