சலோப்பியன்

பக்கவாதம் வந்து ஆறு வாரம் கழித்து சிஸ்டர் பேசிய முதல் முழுச் சொல் யாருக்கும் புரியவில்லை.

தெருவில் எல்லோருக்கும் அவர் சிஸ்டர்தான். பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கட்டிய கணவரும் அப்படித்தான் கூப்பிடுவார். கல்யாணமான புதிதில் கேலியாக ஆரம்பித்தது, நாக்கில் ஒட்டிக்கொண்டுவிட்டது. "பொண்டாட்டிய சிஸ்டர்னு கூப்பிடுற ஆள் உலகத்துலயே நான் ஒருத்தன்தான்" என்று தன் லேத் பட்டறையில் சொல்லிச் சிரிப்பார்.

வாரத்தில் மூன்று நாள், காலை பத்து மணிக்கு, அவர் சிஸ்டரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடிக்கு வருவார். பேச்சுப் பயிற்சி அறையில் ஒரு மேசை, வாயசைவைப் பார்க்க ஒரு கண்ணாடி, படம் போட்ட அட்டைகள். பயிற்சி தருகிற பெண் சாவி, குடை, சீப்பு என்று ஒவ்வொன்றாகக் காட்டுவாள். சிஸ்டர் உதட்டைக் குவிப்பார். காற்றுதான் வரும்.

அட்டைகள் முடிந்ததும் சில கேள்விகள்.

"நீங்க எந்த ஊரும்மா?"

"சலோப்பியன்" என்றார் சிஸ்டர், தெளிவாக.

அந்தப் பெண் தாளில் ஒரு சுழி போட்டாள். "மூளையில அடிபட்டா சில சமயம் இப்படி வரும் சார். கேக்க வார்த்தை மாதிரி இருக்கும், அர்த்தம் இருக்காது."

"சிஸ்டர் உளற மாட்டாம்மா" என்றார் கணவர்.

"உளறல்னு சொல்லல சார்."

மூன்று வாரம் அதே கேள்வி, அதே பதில், தாளில் அதே சுழி. பத்தாவது நாள் சிஸ்டர் இடது கையால் மேசையைத் தட்டினார். கண்ணில் கோபம். அந்தப் பெண்ணுக்கு என்ன தோன்றியதோ, அந்தச் சொல்லை ஆங்கிலத்தில் சின்ன எழுத்துகளில் எழுதி அவர் பக்கம் தள்ளினாள். சிஸ்டர் பென்சிலை வாங்கி, முதல் எழுத்தை அடித்துவிட்டு, கோணல்மாணலாக ஒரு பெரிய எஸ் போட்டார்.

அந்தப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "பேருக்கு முதல்ல போடுற பெரிய எஸ் இது. அப்போ இது ஏதோ பேரு சார்."

கைப்பேசியை எடுத்துத் தேடினாள். படிக்கப் படிக்க அவள் குரல் தணிந்தது. "இங்கிலாந்துல ஷ்ராப்ஷயர்னு ஒரு இடம். அதுக்கு சாலப்னு பழைய பேரு இருந்திருக்கு. அங்க பொறந்தவங்களையும், அங்க வாழறவங்களையும் சலோப்பியன்னு சொல்வாங்களாம். நாம ஊர்க்காரர்னு சொல்றோமே, அது மாதிரி. நான் கேள்விப்பட்டதே இல்ல சார்."

பழைய தாள்களை எடுத்து, ஒன்பது சுழிகளையும் அடித்துச் சரி போட்டாள். "மன்னிச்சுக்கங்கம்மா. நீங்க மொத நாளே பதில் சொல்லிட்டீங்க."

சிஸ்டரின் தோள் தளர்ந்தது. கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஐந்து வருஷம் இங்கிலாந்தில் வேலை பார்த்தது கணவருக்குத் தெரியும். அங்கே எந்த இடம் என்று முப்பத்திரண்டு வருஷத்தில் ஒருநாள்கூட அவர் கேட்டதில்லை.

மத்தியானம் வீட்டில், அவளுக்குத் தலை வாரிவிடும்போது மனசில் கிடந்தது வாய்க்கு வந்துவிட்டது.

"இத்தனை வருஷம் என்கூட இங்கதான இருந்த? எந்த ஊர்னு கேட்டா அந்த ஊரச் சொல்ற."

சிஸ்டர் வெகுநேரம் முயன்றார். "கூப்... கூப்பிட்டாங்க."

"யாரு?"

"வார்டு."

"வார்டுல இருந்தவங்களா? நீ எங்க ஊர்க்காரின்னு அவங்களே சொன்னாங்களா?"

சிஸ்டர் தலையாட்டினார். கணவர் கையிலிருந்த சீப்பு நின்றது. இந்த வீட்டில் அவருடைய அம்மாவும் அக்காமார்களும் கடைசிவரை இவளை வெளியூர்க்காரி என்றுதான் சொன்னார்கள். இவள் காதுபடவே சொன்னார்கள். அவர் ஒரு வார்த்தை சொல்லித் தடுத்ததில்லை. பெண்கள் பேச்சு, நமக்கெதற்கு என்று இருந்துவிட்டார்.

"நான் சொல்லியிருக்கணும்" என்றார். "அப்பவே சொல்லியிருக்கணும், சிஸ்டர்."

அவள் இடது கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை.

மறுநாளிலிருந்து நாலு மணிக்கே பட்டறையைக் கூட்டாளியிடம் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். நாற்காலியை எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "சரி, சொல்லு. அங்க எங்க தங்கியிருந்த?" என்று ஆரம்பித்தார். அட்டைப் படங்களுக்கு வராத சொற்கள் அதற்கு வந்தன. முதலில் ஆங்கிலத்தில், பிறகு தமிழில், திக்கித் திணறி. பனி. சைக்கிள். மாடியறை. ஒரு சொல் வர சில நாள் கால் மணி நேரம் ஆகும். அவர் எடுத்துக்கொடுக்காமல் காத்திருப்பார். பயிற்சிக்காரப் பெண் அப்படித்தான் சொல்லியிருந்தாள்.

மூன்று மாதம் போன பிறகு ஒரு சாயங்காலம், இடுப்பு உடைந்து வார்டில் கிடந்த ஒரு கிழட்டுத் தச்சனைப் பற்றி முழுக்கதையும் சொன்னாள். புதிதாக வந்த டாக்டர் ஒருவன் அவளை எந்த நாட்டுக்காரி என்று அலட்சியமாகக் கேட்டானாம். பதில் சொன்னது தச்சன்.

"சிஸ்டர்... சலோப்பியன். நீதான்... புதுசு."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். வாய் ஒரு பக்கம்தான் போயிற்று. அவரும் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தத் தச்சன் பேரு என்ன?" என்று கேட்டார்.