பார்ட்டி கையெழுத்து

2023 செப்டம்பர் மூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை, விருதுநகரில் ஜெயச்சந்திரன் வீட்டுக்கு அவர் மகள் யோகேஸ்வரியின் கல்யாணப் பத்திரிகை புரூஃப் வந்தது. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. சிவகாசியிலிருந்து அதைக் காரில் கொண்டுவந்தவர்கள் மாப்பிள்ளையின் அப்பா லட்சுமிகாந்தமும் அம்மா பொன்னுத்தங்கமும். அச்சகம் அவர்களுடையதுதான். காலண்டரும் பட்டாசுப் பெட்டிக்கு லேபிளும் அடிக்கிறார்கள்.

யோகேஸ்வரி அரசு மருத்துவமனையின் தீக்காய வார்டில் இரவுப் பணி முடித்துவிட்டு வந்து, குளித்த தலை காயாமல் நின்று படித்தாள். பத்திரிகையில் எல்லாருக்கும் இடம் இருந்தது. டெக்சாஸில் இருக்கும் ஒன்றுவிட்ட சித்தப்பாவின் கம்பெனி பெயருக்குக்கூட இருந்தது. மாப்பிள்ளை ஹரிபிரசாத் பெயருக்குப் பின்னால் எம்.பி.ஏ. என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அந்தப் படிப்பை அவன் முதல் வருடத்தோடு விட்டுவிட்டான் என்பது இரண்டு வீட்டுக்கும் தெரியும். மணமகள் பெயருக்குப் பின்னால் பி.எஸ்ஸி. என்று மட்டும் இருந்தது.

"அத்தை, நர்சிங் விட்டுப்போச்சு."

"விட்டெல்லாம் போகல தாயி. நாந்தான் எடுக்கச் சொன்னேன்," என்றாள் பொன்னுத்தங்கம். "டிகிரி டிகிரிதானே. என்ன டிகிரின்னு எவளும் கேக்கப் போறதில்ல."

"நாலு வருசம் படிச்சது அத்தை."

"படிச்சத யாரு இல்லேங்கா? கருகுன ஆம்பளைக உடம்பத் தொடச்சு விடுற வேலைன்னு தெரிஞ்சா எங்க நாத்தனாக்கமாரு மண்டபத்துல வச்சே சிரிப்பாளுக. மூணு பேரு மூணு தெசையில உக்காந்து சிரிப்பாளுக. அதுக்குத்தான்."

அந்த வார்டில் கிடந்தவர்கள் கட்டிய வெடிகளின் பெட்டிமேல் ஒட்டிய லேபிள்தான் பொன்னுத்தங்கத்தின் கழுத்தில் தங்கமாகக் கிடந்தது. அதைப் பார்த்து நாத்தனார்கள் யாரும் சிரித்ததில்லை.

ஜெயச்சந்திரன் தலையாட்டினார். பஜாரில் இரும்புக் கடை வைத்திருப்பவர். கடன் சொல்லிப் போகிற வாடிக்கையாளரிடம் குரலை உயர்த்தத் தெரிந்தவர். சம்பந்தி வீட்டார் முன்னால் அவருக்குக் கழுத்து மட்டும்தான் வேலை செய்தது.

"மதினி சொல்றதும் சரிதானே," என்றார். "ரெண்டு எழுத்துக்கு எதுக்கு மல்லுக்கட்டு?"

"எப்பிடியும் வேலைய விடப்போறவ," என்று பொன்னுத்தங்கம் முடித்து வைத்தாள். "விடப்போற வேலைக்குப் பத்திரிகையில எதுக்கு எடம்?"

யோகேஸ்வரி நிமிர்ந்தாள். "விடப்போறேன்னு யாரு சொன்னா?"

ஜெயச்சந்திரன் மின்விசிறியைப் பார்த்தார். அம்மா பாலம்மாள் இட்லிச் சட்டியைப் பார்க்கப் போனாள். நிச்சயதார்த்தத்தன்று அப்பா தன்னைக் கேட்காமலே தன் வேலையையும் தாம்பூலத் தட்டில் வைத்துக் கொடுத்திருக்கிறார் என்பது யோகேஸ்வரிக்கு அப்போதுதான் தெரிந்தது.

இட்லி சாப்பிட்டு முடித்ததும் லட்சுமிகாந்தம் வலது காலை நீட்டினார். பாதத்தில் சர்க்கரைப் புண்ணுக்குப் போட்ட கட்டு. கட்டின் ஓரம் மஞ்சளாக ஊறியிருந்தது. செருப்பைக் கழற்றி வைத்த வாசலில் ஏற்கெனவே ஈ மொய்த்தது.

"தாயி, மாமா கால ஒரு பார்வ பாத்துரு," என்றாள் பொன்னுத்தங்கம். குரல் திடீரென்று கனிந்திருந்தது. "வீட்டுக்கு வந்து கட்டு மாத்துன ஆள போன மாசமே நிப்பாட்டிட்டோம். வெளியாள எதுக்கு வீட்டுக்குள்ள விட்டுக்கிட்டு? ஐப்பசியில கல்யாணம் முடிஞ்சு நீ வந்துருவேல்ல."

யோகேஸ்வரி உள்ளே போய்க் கையுறையும் பஞ்சும் எடுத்து வந்தாள். தரையில் உட்கார்ந்து கட்டைப் பிரித்தாள். நாற்றம் கூடம் முழுக்கப் பரவியது. பொன்னுத்தங்கம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள்.

பெருவிரல் நுனி கறுத்திருந்தது. சிவப்பு கணுக்காலைத் தொட்டிருந்தது. அவள் விரலை அழுத்தினாள்.

"வலிக்குதா மாமா?"

"அழுத்திட்டியா?" என்றார் லட்சுமிகாந்தம்.

அவள் புண்ணைக் கழுவி, புதுக் கட்டுப் போட்டாள். "மாமா, இது கட்டு மாத்தி ஆத்துற புண்ணு இல்ல. இன்னைக்கே ஆஸ்பத்திரியில சேரணும். இப்பிடியே மதுரைக்குப் போயிருங்க."

"நல்லாச் சொன்ன போ. தீபாவளி சீசன். லேபிள் ஆர்டர் அம்புட்டும் மிசின்ல நிக்கி. கல்யாண வேலை வேற."

"அதான் நீ வந்து பாத்துக்கிடுவேல்லத்தா," என்றாள் பொன்னுத்தங்கம் ஜன்னலிலிருந்து.

"நான் வர்ற வரைக்கும் கால் இருக்கணும் அத்தை."

"வாய்ல நல்ல வார்த்தையே வராதா? கல்யாணம் பேசுற எடத்துல!"

யோகேஸ்வரி கை கழுவிவிட்டு வந்தாள். "இப்ப நான் தொட்டதும் ஆம்பளைக் காலுதான் அத்தை. இதுக்கு உங்க நாத்தனாக சிரிக்க மாட்டாகளா?"

"அது மாமனாரு காலு. அதத் தொட்டா புண்ணியம். வார்டுல கெடக்குறது எவனோ."

"இம்புட்டுத்தானா? அங்கன சம்பளம் குடுக்காக. அதான் அசிங்கம் போல."

"ஏ யோகா!" ஜெயச்சந்திரன் எழுந்துவிட்டார். "பெரியவுககிட்டப் பேசுற பேச்சா இது?"

லட்சுமிகாந்தம் கையமர்த்தினார். அவர் தொழில்காரர், பேச்சை வளர்க்க விரும்பவில்லை. சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். "மச்சான், இந்தாங்க. ஓக்கேன்னு எழுதி ஒரு கையெழுத்துப் போடுங்க. நம்ம வீட்டு விசேசம்னாலும் பார்ட்டி கையெழுத்து இல்லாம நம்ம பிரஸ்ல மிசின் ஓடாது. முப்பது வருசமா அப்பிடித்தான். தப்பு வந்தா நாளைக்கு எங்க மேல பழி சொல்லப்பிடாதுல்ல."

பேனாவை வாங்க ஜெயச்சந்திரன் கை நீட்டுவதற்குள் யோகேஸ்வரி வாங்கிக்கொண்டாள்.

"புரூஃப்ங்கிறது தப்பத் திருத்தத்தான மாமா?"

"ஆமா. எழுத்துப் பிழை, பேரு, தேதி..."

அவள் டீப்பாய் மேல் தாளை விரித்தாள். பி.எஸ்ஸி.க்குப் பக்கத்தில் நர்சிங் என்று எழுதினாள். அதன் கீழே, செவிலியர், தீக்காயப் பிரிவு என்று சேர்த்தாள். பிறகு மேலே போய் எம்.பி.ஏ.வின் மேல் நேராக ஒரு கோடு இழுத்தாள். திருத்தியபின் அச்சிடலாம் என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டாள்.

பொன்னுத்தங்கம் தாளை எட்டிப் பார்த்தாள். நர்சிங்கைப் பார்த்தபோது முகம் சுருங்கியது. கோட்டைப் பார்த்ததும் வெளுத்தது.

"எம் பிள்ளை படிப்பையா அடிச்ச? இல்லாததையா போட்டுட்டோம்?"

கேட்ட பிறகுதான் கேள்வி அவளுக்கே உறைத்தது. அதற்குமேல் அங்கே உட்காரவில்லை. லட்சுமிகாந்தம் புரூஃபை மடித்து எடுத்துக்கொண்டார். படி இறங்கும்போது புதுக் கட்டின்மேல் வாசல் அழுக்கு படாமல் காலைப் பார்த்து வைத்தார்.

மத்தியானம் ஹரிபிரசாத் போன் செய்தான்.

"ஏன் யோகா, அம்மாகிட்ட ஒரு வார்த்த சரின்னுட்டுப் போக வேண்டியதுதானே? கல்யாணம் முடிஞ்சா பத்திரிகைய எவன் பாக்கான்?"

"நான் வேலைய விட மாட்டேன்."

"யாரு விடச் சொன்னா? அதே வேலைய நம்ம வீட்டுல பாரேன்."

அவனுக்கு அது சிக்கல் தீர்ந்த வாக்கியமாகத் தோன்றியிருக்க வேண்டும். சிரித்தான்.

"மொதல்ல உங்க அப்பாவ ஆஸ்பத்திரியில சேருங்க," என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள்.

பத்திரிகை அச்சேறவில்லை. அந்த வாரமே கல்யாணம் நின்றது. ஜெயச்சந்திரன் மகளோடு பேசுவதை நிறுத்தினார். அவள் வாங்கிவந்து வைக்கும் ரத்த அழுத்த மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டுக்கொண்டார். யோகேஸ்வரி வார்டுக்குப் போய்வந்தாள். தீபாவளி நெருங்கியதால் அங்கே கட்டில்கள் போதவில்லை.

ஐப்பசியில் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் லட்சுமிகாந்தத்தின் வலது கால் முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்டது. லேபிள் லோடு அதற்கு முன்பே போயிருந்தது.

தை மாதம் ஹரிபிரசாத்துக்குக் கல்யாணம் நடந்தது. பெண் கோவில்பட்டி, பெயர் கீர்த்திகா. முதல் பத்திரிகையை இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில் வைத்தார்கள். அதில் மாப்பிள்ளைக்கு எம்.பி.ஏ. என்றும், பெண்ணுக்கு பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றும் முழுதாகப் போட்டிருந்தது. கல்யாணத்துக்காக அவள் பெங்களூரு வேலையை விட்டுவிட்டு வந்தாள்.

மாமனாரின் காலை வெட்டிய, இன்னும் ஆறாத இடத்தில் கட்டு மாற்றுவது எப்படி என்று அவள் செல்போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டாள். வெளியாள் வைக்கவில்லை.